வறண்ட மேற்குச் சுவரோரம் யூபோர்பியா: குச்சி வெட்டியதிலிருந்து பூத்து நின்றது வரை

மேற்குச் சுவரையொட்டிய துண்டு நிலத்தில் மதியம் தொடங்கிப் பொழுது சாயும்வரை நேர் வெயில். சுவர் வாங்கி வைத்த சூடு ராத்திரியிலும் இறங்காது. தண்ணீர்க் குழாய் அதுவரை எட்டாது. இப்படி ஓர் இடத்துக்கு யூபோர்பியா மிலியை விடப் பொருத்தமான பூச்செடி எனக்குத் தோன்றவில்லை. கிறிஸ்து முள் என்றும் இதைச் சொல்வார்கள். சொந்த ஊர் மடகாஸ்கர், பாறை இடுக்கிலேயே வளர்ந்து பழகிய கள்ளி. சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் இதற்குப் பங்காளிகள்தான். வேர் பிடித்துவிட்டால் பல வருஷம் நிற்கும், குளிர் கடுமையாக இல்லாத ஊர்களில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் பூவோடு இருக்கும்.

குச்சி வெட்டியதிலிருந்து சுவரோரம் நிரம்பியது வரை என்னென்ன செய்தேன் என்று எழுதி வைக்கிறேன். வேலை எல்லாம் முதல் சில மாதங்களில்தான். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரிய வேண்டும். காயப்போட்டு இந்தச் செடியைக் கொல்வது கஷ்டம், தண்ணீர் ஊற்றிக் கொல்வது ரொம்பச் சுலபம்.

அதனால் செடிக்கு முன்னால் மண்ணைப் பார்த்தேன். மேலே புழுதி பறக்கிற இடம்கூட ஓரடி ஆழத்தில் சுத்தக் களிமண்ணாக இருக்கலாம். ஒரு நல்ல மழை பெய்தால் உள்ளே இறங்கின தண்ணீர் நாள்கணக்கில் அங்கேயே நிற்கும். ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, முழுசாக வடிய விட்டேன். திரும்பவும் நிரப்பி, ஓரத்தில் ஒரு குச்சியைச் செருகி, தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டுக் காத்திருந்தேன். முதல் தடவை தண்ணீர் சட்டென்று காணாமல் போனது. அதை நம்பக் கூடாது, காய்ந்த மண் குடித்த தண்ணீர் அது. இரண்டாவது தடவைதான் மண்ணின் குணம் தெரியும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் நகம் அளவுதான் இறங்கியிருந்தது. மணிக்கு 2.5 செ.மீ. கூட இறங்காத மண்ணில் யூபோர்பியாவை நேராக நடக் கூடாது.

களிமண்ணில் நாலு சட்டி மணலைக் கொட்டிக் கிளறுவதால் ஒன்றும் ஆகாது. மணல் பாதிக்கு மேல் இருந்தால்தான் களியின் பிடி தளரும், அத்தனை மணலை எங்கே போய்ச் சுமப்பது? செடிக்கு மட்டும் குழி வெட்டி நல்ல கலவையை நிரப்புவது இன்னும் மோசம். சுற்றிலும் களி நிற்க, நடுவில் இளகிய மண் இருந்தால் அந்தக் குழி ஒரு தொட்டியாகிவிடும். பக்கத்து மண்ணில் இறங்குகிற தண்ணீரும் அதற்குள்தான் வந்து தேங்கும். எனவே தோண்டுகிற யோசனையை விட்டுவிட்டு மேடு கட்டினேன். இருக்கிற தரையை மண்வெட்டியால் லேசாகக் கொத்திவிட்டு, அதன்மேல் முக்கால் அடியிலிருந்து ஓரடி உயரத்துக்குக் கலவை போட்டேன். தோட்ட மண் ஒரு பங்கு, கரடு மணல் ஒரு பங்கு, கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை உடைத்த செங்கல் ஒரு பங்கு, மேலாக இரண்டு கை மக்கின எரு. செங்கலை உடைத்ததும் சலித்துப் பொடியை எடுத்துவிட வேண்டும். பொடி இருந்தால் அதுவே இடுக்குகளை அடைத்துக் களிமண் வேலையைச் செய்யும். கடல் மணலைப் பயன்படுத்தவில்லை. உப்புக் காற்றை இந்தச் செடி ஓரளவு தாங்கும்தான், அதற்காக வேர்த்தூரிலேயே உப்பைக் கொட்ட வேண்டியதில்லை.

மேட்டைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கட்டினேன். பின்னாளில் சுவருக்கு வண்ணம் அடிக்க ஆள் நிற்க வேண்டுமே! யூபோர்பியா வளர்ந்தபின் அந்த இடுக்குக்குள் நுழைந்து பார்த்தால் தெரியும், முள் ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் வரை போகும்.

தாய்ச்செடி தெரிந்தவர் வீட்டில் இருந்தது. இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து, அடிப்பகுதி மொட்டையாகி, நுனியில் மட்டும் இலையும் பூவுமாக நின்றது. எல்லாப் பழைய செடிக்கும் இந்த நிலைமைதான் வரும். இலை உதிர்ந்த கணுவில் திரும்ப இலை வராது, புதிதாக வளர்கிற நுனியில் மட்டும்தான் வரும். ஆகவே அந்தச் செடிக்கும் ஒரு கவாத்து தேவைப்பட்டது, எனக்கும் குச்சி கிடைத்தது. வெயில் காலம் பார்த்துப் போனேன். மழைக்காலத்தில் வெட்டினால் வெட்டுவாய் காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துக்கொள்ளும். குளிரில் வெட்டினால் வேர் இறங்கவே இறங்காது.

பென்சில் பருமனுள்ள கிளைகளில் நுனியிலிருந்து 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டினேன். பச்சைத் தளிராகவும் இருக்கக் கூடாது, பட்டை பிடித்து மரமாகியும் இருக்கக் கூடாது. பிடித்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன்: செய்தித்தாளை நாலைந்து மடிப்பாக நீள நாடாபோல மடித்து, கிளையைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால் முள் கையில் ஏறாது. தோல் கையுறை இருந்தாலும் இந்த நாடா வசதியானது. கையுறை போட்ட விரலுக்குப் பிடி சரியாக நிற்பதில்லை.

கத்தி இறங்கியதும் பால் வரும். முதலில் தோலுக்குக் கொஞ்சம் உள்ளே வளையமாகச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் பொடிக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய துளியாகத் திரண்டு, பக்கத்து முள்ளில் தட்டி, இரண்டாகப் பிரிந்து தண்டில் இறங்கும். வெட்டிய குச்சியை உடனே வாளித் தண்ணீரில் வெட்டுவாய் முழுகுமாறு நிறுத்தினேன். சிறிது நேரத்தில் பால் கட்டிவிடும். தாய்ச்செடியின் காயத்தில் தண்ணீர் தெளித்தேன், அதுவும் அடங்கியது.

இந்தப் பாலைப் பற்றிக் கறாராக ஒரு வார்த்தை. கள்ளிப்பால் கண்ணில் படக் கூடாது என்று சின்ன வயதிலேயே பலரும் கேட்டிருப்போம். அது வெறும் பயமுறுத்தல் இல்லை. யூபோர்பியா பேரினத்தின் பாலில் டைட்டர்பீன் எஸ்டர் வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. தோலில் பட்டால் சிலருக்கு எரிச்சலும் கொப்புளமும் வரும். கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். படும்போது எரிவதைவிடச் சில மணி நேரம் கழித்து எரிச்சலும் மங்கலும் கூடும் என்பதுதான் இதில் ஏமாற்றுகிற விஷயம். எரிச்சல் குறைகிறதா பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காமல், ஓடுகிற தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கண்ணைக் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். என்ன செடியின் பால் என்று அவரிடம் சொல்லவும் வேண்டும். வெட்டும்போது நான் கண்ணாடி மாட்டிக்கொள்கிறேன். வேர்த்தால் முழங்கையின் மேல்புறத்தால் துடைத்துக்கொள்கிறேன், விரல் முகத்துப் பக்கமே போகாது. கையில் பட்ட பாலைக் காய்வதற்குள் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். காய்ந்தால் பிசின் மாதிரி ஒட்டும்.

கழுவின வாளித் தண்ணீரை மீன் தொட்டிப் பக்கமோ குளத்திலோ கொட்டக் கூடாது. சிஸ்டோசோமியாசிஸ் நோயைப் பரப்புகிற நன்னீர் நத்தைகளை ஒழிக்க பிரேசிலில் இந்தச் செடியின் பாலைத்தான் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு வீரியம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு குச்சியிலும் பூவைக் கிள்ளி, அடி இலைகளை உதிர்த்து, நிழலில் காற்றோட்டமாகப் பரப்பிவிட்டேன். இங்கேதான் பொறுமை வேண்டும். பச்சை வெட்டோடு ஈர மண்ணில் செருகினால், வேர் வருவதற்கு முன்னால் அழுகல் வரும். காற்றில் கட்டியாகக் காய்ந்த பால் வெட்டுவாயை மூடியிருப்பதைப் பார்த்து ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது மேல்பூச்சுதான். அதற்கு அடியில் தண்டே சுருங்கி, நகத்தால் தட்டினால் கெட்டியாக இருக்க வேண்டும். மூன்று நாளில் ஆறுவதும் உண்டு, ஈரக்காற்று இருந்தால் ஒரு வாரமும் ஆகும். பருமனான குச்சிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன். குச்சி லேசாகச் சுருக்கம் விழுந்து பார்க்கப் பாவமாக இருக்கும். இருக்கட்டும், ஒன்றும் ஆகாது.

சின்னத் தொட்டிகளில் முக்கால் பங்கு கரடு மணலும் கால் பங்கு தேங்காய் நார்க்கழிவும் கலந்து, கையில் ஈரம் தட்டுகிற பதத்துக்கு நனைத்து, 3 அல்லது 4 செ.மீ. ஆழத்தில் குச்சிகளை ஊன்றினேன். வேர் ஊக்கிப் பொடி சிலவற்றுக்குப் போட்டேன், சிலவற்றுக்குப் போடவில்லை. என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெளிச்சம் நிறைய உள்ள, ஆனால் நேர் வெயில் படாத இடத்தில் வைத்து, மேல் மணல் நன்றாகக் காய்ந்தபின் மட்டும் கொஞ்சம் தண்ணீர்.

முதலில் இருக்கிற இலையும் கொட்டும். மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழும். அதற்குப் பதறித் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. அப்புறம் நுனியில் பச்சையாகத் துளிர் வரும். உடனே வேர் வந்துவிட்டது என்று எடுத்து நடத் தோன்றும். அதுவும் கூடாது. தண்டில் சேர்த்து வைத்திருக்கிற தண்ணீரைக் கொண்டே இந்தச் செடி நாலு இலை விட்டுவிடும், கீழே வேர் ஒரு நூல்கூட இறங்கியிருக்காது. தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் தெரிய வேண்டும். அல்லது குச்சியை இடுக்கியால் பிடித்து மெல்ல ஆட்டினால், தான் மட்டும் ஆடாமல் மண்ணையும் சேர்த்து அசைக்க வேண்டும். இதற்குப் பொதுவாக 5 முதல் 8 வாரம் ஆகும்.

வேர் பிடித்தவற்றை நேராகக் கொண்டுபோய் மேற்கு வெயிலில் நிறுத்தவில்லை. நிழலில் விட்ட இலை மெல்லியது, கருகிவிடும். காலை வெயில் படும் இடத்தில் ஒரு வாரம், மதியம்வரை படும் இடத்தில் ஒரு வாரம் என்று நகர்த்தி, அப்புறம்தான் மேட்டுக்குப் போனது. செடிக்குச் செடி ஒன்றரை அடி முதல் இரண்டடி. தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம், கழுத்து மண்ணுக்குள் புதையக் கூடாது. நட்ட அன்றைக்கே தண்ணீர் ஊற்றவில்லை. நடும்போது வேர் நுனிகள் உடையும், அவை ஆற மூன்று நாலு நாள் விட்டு, பிறகு ஒரு தடவை நன்றாக நனையவிட்டேன். மூடாக்குக்குச் சருகோ வைக்கோலோ போடாமல், கலவைக்கு உடைத்ததில் மீந்த செங்கல் துண்டுகளையே இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பினேன். சருகு செடியின் கழுத்தைச் சுற்றி ஈரத்தைப் பிடித்து வைக்கும். மற்றச் செடிகளுக்கு அதுதான் நல்லது, இதற்கு அதுதான் ஆபத்து.

இனி தண்ணீர்க் கதை. வறட்சி தாங்கும் செடிதானே என்று நட்ட கையோடு விட்டுவிட்டால் அது பிழைத்தாலும் பிழைக்கும், வளராது. வறட்சியைத் தாங்குவது பாதி தண்டின் வேலை, பாதி வேரின் வேலை. தண்டில் சேமிப்பு முதல் நாளிலிருந்தே உண்டு, வேர் ஆழம் போக ஒரு பருவமாவது வேண்டும். அதுவரை வெயில் காலத்தில் வாரம் ஒரு தடவை, வேர் மண்டலம் முழுக்க நனைகிற மாதிரி வாளியில் சுமந்துகொண்டுபோய் ஊற்றினேன். தினமும் ஒரு சொம்பு என்று ஊற்றினால் வேர் மேல் மண்ணிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த தடவை ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டினால் வாளி திரும்பிவிடும்.

இரண்டாம் வருஷத்திலிருந்து என் தலையீடு ரொம்பக் குறைவு. நீண்ட வறட்சியில் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் முள்ளாக நிற்கும். அதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை இருக்கும், பாலும் கசியும். இப்படி மொட்டையாக நிற்கும்போது அளவோடுதான் தண்ணீர் கொடுக்க வேண்டும். இலை இல்லாததால் தண்ணீர் இழுப்பும் குறைவு, மண் காய நாளாகும். துளிர் வந்து இலை விரிந்தபின் அளவைக் கூட்டலாம்.

உயிரோடு இருப்பது வேறு, பூத்து நிற்பது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்ணீரே காட்டாமல் இதை மாசக்கணக்கில் உயிரோடு வைக்க முடியும், பூ எதிர்பார்க்க முடியாது. பூக்கிற காலத்தில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆழமான தண்ணீர் கொடுத்தால் நுனி வளரும், நுனி வளர்ந்தால் பூ வரும், அவ்வளவுதான் கணக்கு. உரம் வருஷத்துக்கு ஒரு தடவை மக்கின எரு, அதுவும் கொஞ்சம். தழைச்சத்து கூடினால் இலை தளதளவென்று வரும், பூ குறையும், தண்டும் நீர்கோத்து மெத்தென்று ஆகிவிடும். வெயில் மட்டும் குறையக் கூடாது. அரை நாள் நேர் வெயில் இல்லாத இடத்தில் இதை வைத்துப் பூக்கவில்லை என்று புலம்பிப் பயனில்லை.

பூ என்று நாம் பார்க்கிற சிவப்பு இரட்டை இதழ் உண்மையில் பூவடிச் செதில்கள். நடுவில் இருக்கிற மிகச் சின்னக் கிண்ணத்தில்தான் அசல் பூக்கள் இருக்கின்றன. செதில் என்பதால்தான் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது. தாய்லாந்தில் உருவாக்கின பெரிய பூக் கலப்பினங்களும் கிடைக்கின்றன. கொத்துக் கொத்தாகப் பார்க்க அழகுதான். ஆனால் தண்டு பருமன், கவனிப்பும் கூடக் கேட்கிறது, தொடர் மழையில் சீக்கிரம் கெடுகிறது. கைக்கெட்டுகிற இடத்தில் தொட்டியில் வைக்க அவை சரி. குழாய் எட்டாத சுவரோரத்துக்குப் பழைய சின்னப் பூ வகைதான் என் தேர்வு.

தொல்லை என்று வந்தது இரண்டு. முதலாவது மாவுப்பூச்சி. முள்ளின் அடியிலும் நுனி இலை இடுக்கிலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும், சுற்றி எறும்பு ஓடும். எல்லாச் செடிக்கும் அடிப்பதுபோல இதற்குச் சோப்புக் கரைசல் அடிக்க வேண்டாம். பூச்சிக்கொல்லிச் சோப்புக்கு ஒத்துவராத செடிகளின் பட்டியலில் இதுவும் உண்டு, இலை கருகிக் கொட்டும். வேகமான தண்ணீர்ப் பீச்சில் பெரும்பாலும் விழுந்துவிட்டது. மிச்சத்தை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தோய்த்து, நீளக் குச்சி முனையில் கட்டித் தொட்டு எடுத்தேன். அதையும் ஒரு கிளையில் போட்டுப் பார்த்து, இரண்டு நாள் கழித்துத்தான் மற்றதில் கை வைத்தேன்.

இரண்டாவது அழுகல். விடாமல் பெய்த ஒரு மழைக்குப் பிறகு, மேட்டின் தாழ்ந்த முனையில் இருந்த செடியின் அடித்தண்டு பழுப்பாகியிருந்தது. பழுப்பு நிறத்தை மட்டும் பார்த்துக் கத்தியை எடுக்கக் கூடாது. வயசான செடியின் அடி எப்போதுமே பழுப்பாக, தக்கை மாதிரிதான் இருக்கும். அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் பட்டை, உள்ளே அமுங்கினால் அழுகல். இது அமுங்கியது. செடியைப் பிடுங்கி, கீழிருந்து மேலாக ஒவ்வொரு விரற்கடையாக வெட்டிக்கொண்டே போனேன், ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கத்தியை ஆல்கஹாலில் துடைத்து. முதல் வெட்டில் நடுவே பழுப்பு வட்டம், பால் இல்லை. அடுத்ததில் வட்டம் சின்னதானது, ஓரத்தில் மட்டும் பால். வெட்டுவாய் முழுக்க வெளுப்பாக, சுற்றிலும் பால் பொடிக்கிற இடம் வந்தபோதுதான் நிறுத்தினேன். மிஞ்சின மேல்பாகத்தைப் புதுக் குச்சியாகவே காயவைத்து ஊன்றினேன், பிழைத்துக்கொண்டது. மேட்டின் அந்த முனையில் ஒரு சின்ன வாய்க்கால் கீறி, தண்ணீர் வெளியே ஓட வழி செய்துவிட்டேன்.

கவாத்து வருஷம் ஒரு தடவை, துளிர் விடும் பருவத்துக்குச் சற்று முன்னால். வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து பெரும்பாலும் இரண்டு மூன்று கிளை கிளம்பும், செடி உயராமல் அடர்ந்து வரும். கழிவை எரிக்க வேண்டாம், புகையும் கண்ணையும் மூச்சையும் உறுத்தும். குழந்தைகளும் நாய் பூனையும் வராத மூலையில் காயப்போட்டு, பிறகு புதைத்துவிடுகிறேன்.

உறைபனி விழுகிற ஊரில் இருப்பவர்களுக்கு இந்தச் செடி வெளியில் தாங்காது. 10 டிகிரிக்குக் கீழே போனாலே இலை கொட்ட ஆரம்பிக்கும். அங்கே மத்தியதரைக்கடல் பகுதி யூபோர்பியாக்கள் சரிவரும்: கேராசியஸ், ரிஜிடா இரண்டும் நீலச் சாம்பல் இலையோடு வசந்தத்தில் மஞ்சள் பச்சையாகப் பூக்கும். மண் தயாரிப்பும் பால் எச்சரிக்கையும் அதேதான், கவாத்து மட்டும் வேறு. அவற்றின் தண்டு ஒரு வருஷம் வளர்ந்து அடுத்த வருஷம் பூத்துக் காயும். எனவே பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டி, பக்கத்தில் வருகிற புதுத் தண்டை விட்டுவிட வேண்டும். மிர்சினைட்டிஸ் என்ற தரையில் படரும் வகையை வாங்குமுன் உள்ளூர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கொலராடோ, ஓரிகன் போன்ற மாநிலங்களில் அது தடை செய்யப்பட்ட களை.

களை என்றதும் ஞாபகம் வருகிறது. செங்கல் துண்டுகளுக்கு நடுவே முளைப்பதில் முக்கால்வாசி அம்மான் பச்சரிசி, அதுவும் இதே பேரினம்தான். செடிகள் ஒன்றோடொன்று கைகோப்பதற்கு முன்னாலேயே குனிந்து பிடுங்கிவிட வேண்டும். இப்போது எனக்கு நீளக் கைப்பிடி இடுக்கி இல்லாமல் உள்ளே போக முடிவதில்லை. அம்மான் பச்சரிசி காய் முற்றுமுன் எடுத்தால் அடுத்த மழைக்கு வேலை குறையும்.